கடின நீர்

பிப்ரவரியில் தொடங்கியது.
மேல் கிளையில், அப்போதுதான் விரிந்த இலைகளில்
எலுமிச்சைத் தோலின் நிறம்.

இரண்டு உள்ளங்கை அகலத் தொட்டியில்
நாற்பது வயது அசேலியா,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
பில்பாவோவுக்கு மாற்றலாகிப் போன இராச்சே
"மூணே மாசம்" என்று கையில் கொடுத்தாள்.
இது ஏழாவது.

பசியோ என்று உரம் போட்டேன்.
குளிரோ என்று கூடத்துக்குள் தூக்கிவந்தேன்.
வெளிச்சம் போதவில்லையோ என்று பால்கனிக்கு நகர்த்தினேன்;
சரகோசாவின் வடகாற்று
இரண்டு மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டு போனது.
வேர் அழுகியிருக்குமோ என்று மண்ணில் மூக்கை வைத்தேன்.
அழுகல் இல்லை,
மழை விட்ட காட்டின் வாசனை.
அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு தவறாமல் செய்தி வரும்:
"மரம் எப்படி?"
"நலம்."
பொய்க்கு ஒரு சொல் தாராளம்.

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
இரவுப் பணி, மூன்று மணி,
முறிந்த ஒரு மணிக்கட்டுக்கும்
அடுத்து வரப்போகும் இருமலுக்கும் நடுவே
சட்டைப் பையிலிருந்து இலையை எடுத்து
மூலையில் தூசி படிந்து கிடந்த
பழைய ஒளிப்பெட்டியில் ஒட்டினேன்.
விளக்கைப் போட்டதும்
நரம்பெல்லாம் பச்சை.
நரம்புக்கும் நரம்புக்கும் இடையே மட்டும் மஞ்சள்.
ஆறும் கிளையாறும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன,
வயல்தான் காய்கிறது.

ஃபெர்மின் எட்டிப் பார்த்தான்.
"யார் இது?"
"இலை."
"ரத்தசோகை. இரும்பு ஏத்து" என்று சிரித்துவிட்டு
சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

இரும்பு போட்டேனே,
உரப் பொட்டலத்தில் அச்சடித்திருக்கிறதே என்று
வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வீட்டுக்கு வந்து
காப்பிக்கு வெந்நீர் வைத்தேன்.
கெட்டிலின் அடியில்
பல்லில் படிந்த காரை போல வெள்ளைச் செதில்.
எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர்.
தினமும் ஒரு குவளைச் சுண்ணாம்பை
அன்போடு ஊற்றியிருக்கிறேன் மரத்துக்கு.
தொட்டி நிறைய இரும்பு இருந்தும்
வேரால் ஒரு துளி எடுக்க முடியாது,
பூட்டிய கடைக்கு முன்னால் பசியோடு நிற்பதுபோல.

அப்புறம்தான் அந்த ஐந்து பாட்டில்கள் ஞாபகம் வந்தன.
மரத்தோடு கொடுத்திருந்தாள்,
ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி ஒரே சொல்: எயூரியா.
ஏதோ மினரல் வாட்டர் கம்பெனி என்று நினைத்தேன்.
காப்பி போட்டே தீர்த்தேன்.
சொல்லப்போனால்
அந்த மாதக் காப்பி அவ்வளவு நன்றாக இருந்தது.

பாஸ்க் அகராதியில் தேடினேன்.
மழை.

காய்ந்த ரத்த நிறத்தில் இரும்புத் தூள் விற்கிறார்கள்.
லிட்டருக்கு ஒரு சிட்டிகை.
ஸ்கேனுக்கு முன் ஊசியில் மருந்து ஏற்றும்போது
எல்லோரிடமும் சொல்வேன்:
உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்படாதீங்க.
மரத்திடமும் அதையே சொன்னேன்,
வேறு வசனம் எனக்குத் தெரியாது.

மழைக்குத்தான் பத்தொன்பது நாள்.
மேகம் வரும், காற்று அதைத் துரத்தும்.
கடைசியில் ஒரு வியாழன் நள்ளிரவில் கொட்டியபோது
பால்கனியில் வாணலி, சாலட் கிண்ணம்,
ஊறவைத்த கொண்டைக்கடலையைக் கொட்டிவிட்டு அந்தப் பாத்திரம்,
இரண்டு பூச்சாடி.
எதிர்வீட்டு டாமியான் ஜன்னலைத் திறந்து
கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
இன்னொரு ஒற்றைச் சொல்.

வெளுத்தவற்றில் பாதி உதிர்ந்தன.
மீதி அப்படியே, திரும்பிப் பச்சையாகவில்லை.
கீழ்க்கிளையில் மூன்று,
வயதாகித் தானாகப் பழுத்தவை,
அவற்றுக்கு வைத்தியம் எதுவும் வேண்டியதில்லை.
ஏப்ரல் இரண்டாம் வாரம், நுனியில்,
அரிசி நீளத்தில் ஒரு தளிர்.
ஒளிப்பெட்டிக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை.
பால்கனி வெயிலிலேயே குனிந்து பார்த்தேன்.
நரம்பு எது, சதை எது என்று பிரிக்க முடியாத பச்சை.

ஞாயிறு. "மரம் எப்படி?"

உன் மழையைக் குடித்துவிட்டேன் என்று தொடங்கி
எல்லாவற்றையும் எழுதினேன்,
கட்டைவிரல் வலிக்கும்வரை.
நெடுநேரம் பதில் இல்லை.
பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன்.
பிறகு திரை ஒளிர்ந்தது:

"எப்படி இருந்தது ருசி?"